கேமராவில் ஒரு நேரம், பில்லில் ஒரு நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் கடைக்குக் கடை கேமரா வந்துவிட்டது. சிவாஜிநகர், சிக்பேட்டை, அல்சூர், ஸ்ரீராமபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கல்லாவுக்கு மேலே ஒன்று, வாசலில் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவின் மூலையில் ஓடும் நேரமும், கல்லாவில் பில் போடும் கணினியின் நேரமும், ஊழியர்கள் விரல் வைக்கும் வருகைப் பதிவுக் கருவியின் நேரமும் ஒன்றுக்கொன்று பொருந்துவது அரிதாக இருக்கிறது. திருட்டு நடந்தால் போலீசார் முதலில் கேட்பது கேமராப் பதிவைத்தான். பதிவில் 9:12 என்றும், அதே வாடிக்கையாளர் வாங்கிய பில்லில் 9:19 என்றும் இருந்தால் எதை நம்புவது? பொதுமக்கள் திரளும் இடங்களில் கேமரா வைத்து, பதிவை 30 நாள் காக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. இவ்வளவும் செய்துவிட்டு நேரத்தைக் கோட்டை விட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே பதிவைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார்.

இந்தக் கோளாறு பெரும்பாலும் காசு செலவில்லாமல் தீரக்கூடியது. எங்கே கை வைப்பது என்று தெரியாததால்தான் நீடிக்கிறது. எனவே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஏதாவது சம்பவம் நடந்து பதிவு தேவைப்படும் நிலையில், கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரின் நேரம் தப்பு என்று தெரிந்ததும் அதைத் திருத்தப் போகாதீர்கள். கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால், ஏற்கெனவே பதிவான மணிநேரத்தின் மீதே புதுப் பதிவு வந்து விழும். தேடும்போது இரண்டில் ஒன்றுதான் கண்ணில் படும். சில கருவிகளில் பழையது அழிந்தே போகும். முன்னால் தள்ளினால், ‘30 நாள் ஆனதை நீக்கு’ என்று வைத்திருக்கும் கருவி, நேற்றைய பதிவையும் காலாவதியானதாக எண்ணி நீக்கிவிடலாம். டிவிஆர் திரையும் செல்போன் கடிகாரமும் வினாடியோடு ஒரே படத்தில் தெரியும்படி படம் எடுங்கள். வித்தியாசம் எவ்வளவு, எது முந்தி, எது பிந்தி என்று தேதியோடு எழுதி வையுங்கள். பதிவைப் பென்டிரைவில் எடுத்து முடித்த பிறகுதான் நேரத்தில் கை வைக்க வேண்டும். எழுதி வைத்த வித்தியாசம் கையில் இருந்தால், தப்பான நேரம் ஓடிய பதிவுகூடச் சாட்சியமாக நிற்க வாய்ப்புண்டு. திருத்திவிட்டால் அந்த வித்தியாசத்தை மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

கோளாறைத் தேடும்போது எடுத்த எடுப்பில் செட்டிங்கைத் திறக்க வேண்டாம். வித்தியாசம் எவ்வளவு என்று அளந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி இருந்தால் கடிகாரம் ஓடுவதில் குறையில்லை, நேர மண்டலம் கிரீன்விச்சில் நிற்கிறது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் மாறி மாறி ஓடினாலும் இதே ஐந்தரை மணி வரும். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. சரியாக இரண்டரை மணி முந்தி இருந்தால், சீனத்தில் செய்த கேமராவோ டிவிஆரோ தொழிற்சாலையில் வைத்த பிளஸ் 8 மண்டலத்திலேயே (நம்முடையது பிளஸ் 5:30) இருக்கிறது என்று பொருள். அரை மணி என்றால் பட்டியலில் நமக்குப் பக்கத்தில் உள்ள பிளஸ் 5 அல்லது பிளஸ் 6 தவறுதலாகத் தேர்ந்திருக்கிறது. கால் மணி என்றால் காத்மாண்டு. சரியாக ஒரு மணி என்றால் டிஎஸ்டி என்ற கோடைக்கால நேரக் குறியில் யாரோ டிக் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் அது கிடையாது, எல்லாக் கருவியிலும் அணைத்தே இருக்க வேண்டும்.

இப்படி முழு மணி, அரை மணிக் கணக்கில் தள்ளி நிற்கும் பிசகை, நேரத்தைக் கையால் மாற்றிச் சரிசெய்வதுதான் நம்மிடம் உள்ள பெரிய தவறு. மண்டலம் தப்பாக இருக்கும்போது மணியை மட்டும் தள்ளி வைத்தால், அடுத்த முறை கருவி இணையத்தில் நேரம் கேட்டதும் பழையபடி தப்பாகிவிடும். ‘நேற்றுத்தானே வைத்தோம், மறுபடி மாறிவிட்டதே’ என்று கருவியைக் குறை சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வித்தியாசம் உருண்டைக் கணக்காக இல்லாமல், வாரத்துக்கு வாரம் சில வினாடிகளாகக் கூடிக்கொண்டே போகிறதா? அப்படியானால் கருவி யாரிடமும் நேரம் கேட்கவில்லை, தன்போக்கில் ஓடுகிறது. கருவிக்குள் இருக்கும் கடிகாரச் சில்லு, வினாடிக்கு 32,768 முறை துடிக்கும் குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடுகிறது. அதில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகு சர்வ சாதாரணம். நாளுக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு 52 வினாடி. இந்த வகைப் படிகம் 25 டிகிரி வெப்பத்துக்கு அளவெடுத்துச் செய்தது; சூடு கூடினாலும் குறைந்தாலும் அது மெதுவாகத்தான் ஓடும். காற்றோட்டமில்லாத மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்த டிவிஆரில் 45 டிகிரி இருந்தால், நாளுக்கு இன்னும் ஒரு வினாடிக்கு மேல் பிந்தும். ஆறு மாதத்தில் ஏழெட்டு நிமிடம் பிந்துவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

ஆண்டுக்கணக்கில் பின்னால் போயிருந்தால் அது பேட்டரி. திரையில் 1970 ஜனவரி 1, காலை 5:30 என்று தெரிந்தால், கருவியின் கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. அந்த 5:30 நம் மண்டலத்துக்கு உரியது. டெஸ்க்டாப் கணினியில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வட்ட செல் இருக்கும். கணினி மின்சாரத்தில் செருகியே இருக்கும்வரை, பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரமே கடிகாரத்தை ஓட்டும், செல் அதிகம் செலவாகாது. இரவில் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் செல்லே வேலை செய்கிறது. அங்கே அது சீக்கிரம் தீர்ந்துபோவதில் வியப்பில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. புது செல் மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், பழையது 2.7-க்குக் கீழ் என்றால் தூக்கி எறியலாம். செல்லை எடுத்தால், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடக்கூடும். அதனால் முதலில் பயாஸ் திரைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஹார்ட் டிஸ்க் ஏஹெச்சிஐ முறையில் இருக்கிறதா ரெய்டு முறையில் இருக்கிறதா என்பதை. அது மாறினால் விண்டோஸ் ஏறாது. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்ட கணினி என்றால் மீட்புச் சாவி கையில் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூட்டல் குறி மேலே இருக்கும்படி செல்லைப் போடுங்கள். எஸ்.பி. ரோட்டில் தரமான செல் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பெனிப் பெயரில்லாத செல் வேண்டாம்.

செல்லை மாற்றியும் தேதி 2015-இலேயே நிற்கிறதே, இணையம் இருந்தும் கணினி தானே திருத்திக்கொள்ளவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். டொமைனில், அதாவது அலுவலகக் கணினிகளை ஒரே சர்வர் நிர்வகிக்கும் அமைப்பில், சேராத தனிக் கணினியில், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் நேரச் சேவை அதை ஏற்காது. 54,000 வினாடி என்ற வரம்பு அதில் வைக்கப்பட்டிருக்கிறது. தப்பான சர்வர் ஒன்று கணினியை வேறு ஆண்டுக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. இந்த நிலையில் பிரவுசரும் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எல்லாத் தளத்தையும் மறுக்கும். ஆகவே தேதியையும் நேரத்தையும் முதலில் கையால் ஏறக்குறைய சரியாக வையுங்கள், மிச்ச வினாடிகளைச் சேவை பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சேவை ஓடுகிறதா என்பதே அடுத்த கேள்வி. ‘தானாக நேரத்தை அமை’ என்ற பொத்தான் நீலமாக இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டபிள்யூ32டிஎம் என்ற கட்டளையை ‘/குவரி /ஸ்டேட்டஸ்’ சேர்த்து அடியுங்கள். வரும் வரிகளில் இரண்டைப் பார்த்தால் போதும். ‘சோர்ஸ்’ என்ற வரியில் ‘லோக்கல் சிமாஸ் கிளாக்’ என்றோ ‘ஃப்ரீ ரன்னிங் சிஸ்டம் கிளாக்’ என்றோ இருந்தால், கணினி தன்னைத்தானே பார்த்து மணி சொல்லிக்கொண்டிருக்கிறது. சர்வர் பெயர் இருந்தால், கடைசியாக வெற்றிகரமாக ஒத்திசைந்த நேரத்தைச் சொல்லும் வரியைப் பாருங்கள். அது போன மாதத் தேதி என்றால் பெயர் இருந்தும் பயனில்லை. சேவை தொடங்கப்படவில்லை என்று பிழை வந்தால், சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் டைம்’ என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். டொமைனில் இல்லாத கணினிகளில் அது தேவைப்படும்போது மட்டும் எழுந்து, பிறகு நின்றுவிடும். பழைய விண்டோஸில் வாரத்துக்கு ஒரு முறை, அதாவது 6,04,800 வினாடிக்கு ஒரு முறைதான் அது நேரம் கேட்டது. அந்த ஒரு முறையில் இணையம் இல்லாமல் போனால் அந்த வாரம் திருத்தம் இல்லாமலே ஓடக்கூடும். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ‘ஸ்பெஷல் போல் இன்டர்வல்’ என்ற மதிப்பை 3,600 ஆக்கினால் மணிக்கொரு முறை கேட்கும். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் தலைப்பு எல்லாம் சேர்த்துத் தலா 76 பைட்டுதான், இணையச் செலவு பற்றிக் கவலையே வேண்டாம்.

எந்த சர்வரைக் கேட்பது? டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களை வைத்து இந்திய நேரத்தைக் காக்கிறது. அதன் சர்வர் டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஓஆர்ஜி. தேசியத் தகவலியல் மையத்தின் சர்வர்கள் சமய்1 டாட் நிக் டாட் இன், சமய்2 டாட் நிக் டாட் இன். கம்பெனிகளும் டேட்டா சென்டர்களும் இந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றின் சர்வரையோ, அவற்றோடு தொடர்பு காட்டக்கூடிய சர்வரையோதான் பின்பற்ற வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. லாக் என்ற கணினி நடவடிக்கைப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். நேரம் தப்பான லாக்கை 180 நாள் வைத்திருந்து யாருக்கும் பயனில்லை.

ஒரே சர்வரை நம்ப வேண்டாம். இரண்டு வைத்தாலும் போதாது. இரண்டும் முரண்பட்டால் எது பொய் என்று கணினிக்குத் தெரியாது. மூன்று இருந்தால் இரண்டு பேர் சொல்வதை நம்பலாம். நான்கு இருந்தால் ஒன்று செயலிழந்தாலும் அந்த வசதி தொடரும். பூமியின் சுழற்சியோடு பொருந்த எப்போதாவது சேர்க்கும் லீப் வினாடியை நாள் முழுக்கப் பரப்பிக் கொடுக்கும் சர்வர்களையும் அப்படியே கொடுக்கும் சர்வர்களையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கடைசி லீப் வினாடி நமக்கு 2017 ஜனவரி 1 காலை 5:30-க்கு முன் வந்தது; அதற்குப் பிறகு வரவில்லை என்பதால் இது அன்றாடத் தொல்லை இல்லை.

சர்வர் பெயரைச் சரியாகப் போட்டும் நேரம் வரவில்லை என்றால் பாதையைப் பார்க்க வேண்டும். நேரம் கேட்கும் என்டிபி என்ற நெறிமுறை யுடிபி 123 என்ற போர்ட்டில் (வலைப் போக்குவரத்தின் வாசல் எண்) போகிறது. பிங் என்ற இணைப்புச் சோதனை போய் வருவதால் 123 திறந்திருக்கிறது என்று ஆகாது. டபிள்யூ32டிஎம் கட்டளையோடு ‘/ஸ்ட்ரிப்சார்ட் /கம்ப்யூட்டர்:’ என்று எழுதி சர்வர் பெயரைச் சேர்த்து, ‘/சாம்பிள்ஸ்:5’ கொடுத்துப் பாருங்கள். இது கடிகாரத்தைத் தொடாமல் வித்தியாசத்தை மட்டும் அளந்து காட்டும். 0எக்ஸ்800705பி4 என்ற பிழை திரும்பத் திரும்ப வந்தால் பதிலே வரவில்லை என்று பொருள். உடனே செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து அதே கட்டளையை மறுபடி அடியுங்கள். அங்கே பதில் வந்து பிராட்பேண்டில் வரவில்லை என்றால், கோளாறு ரவுட்டரிலோ இணைய நிறுவனத்திலோ இருக்கிறது. 2013-14 வாக்கில் என்டிபி சர்வர்களை வைத்து நடந்த, சிறு கேள்வியால் பெரிய பதிலைப் பிறர்மீது ஏவும் பெருக்கத் தாக்குதல்களுக்குப் பிறகு, 123 போர்ட்டை மறித்து வைத்த இணைப்புகள் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வணிக வளாகங்களிலும் பொதுவாகக் கொடுக்கும் இணைப்பில் ஃபயர்வால் மறிப்பதும் உண்டு. ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால் கணினியில் போட்ட ஆன்டிவைரஸின் ஃபயர்வாலைப் பாருங்கள்.

விண்டோஸ் கணினிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சர்வர் பெயருக்குப் பின் காற்புள்ளி இட்டு 0எக்ஸ்8 என்ற குறியைச் சேர்க்காவிட்டால், அது கிளையன்ட்டாகக் கேட்காமல் சமமான சர்வர்போலப் பேசத் தொடங்கும். வெளி சர்வர்கள் பல அதற்குப் பதில் தராது. மணிக்கொரு முறை என்ற இடைவெளியும் வேண்டுமானால் 0எக்ஸ்9 என்று எழுத வேண்டும்.

இணையம் மெதுவாக இருந்தால் நேரமும் தப்பாக வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முழுக்கச் சரியில்லை. உதாரணமாக, நம் கடிகாரப்படி சரியாக 10:00:00-க்குக் கேள்வி புறப்படுகிறது. சர்வரின் கடிகாரப்படி அது 10:00:02.040-க்குச் சேர்கிறது, 10:00:02.041-இல் பதில் கிளம்புகிறது, நம் கடிகாரப்படி 10:00:00.081-இல் கைக்கு வருகிறது. போகும்போது தெரிந்த வித்தியாசம் 2.040, வரும்போது தெரிந்தது 1.960. இரண்டின் சராசரி 2.000, ஆகவே நாம் இரண்டு வினாடி பிந்தி இருக்கிறோம். பயணத் தாமதம் 80 மில்லிவினாடி, அது கணக்கில் கழிந்துவிட்டது. பின்னாளில் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் வடித்து, 1985-இல் வெளியிட்ட முறை இது. இன்றும் உலகம் முழுக்க இதுதான் ஓடுகிறது. போகும் வழியும் வரும் வழியும் சமமாக இல்லாவிட்டால் பிழை வரும்தான். ஆனால் அது மொத்தத் தாமதத்தில் பாதியைத் தாண்டாது. 4ஜி டாங்கிளில் 200 மில்லிவினாடி ஆனாலும் பிழை 100 மில்லிவினாடிக்குள் அடங்கும். கடைக்கும் கிளினிக்குக்கும் அரை வினாடிக்குள் இருந்தால் தாராளம். மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கச் சொல்லி யாராவது வந்தால், பில் போடும் கடைக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

திருத்தம் உடனே நடக்கவில்லையே என்று பதறவும் வேண்டாம். லினக்ஸின் பழைய நேரச் சேவையான என்டிபிடி, வித்தியாசம் 128 மில்லிவினாடிக்குள் இருந்தால் கடிகாரத்தைத் தாவவிடாமல் பைய இழுத்துச் சரிசெய்யும். தாவலைத் தடுத்து வைத்திருந்தால், ஒரு வினாடியைச் சரிசெய்ய 2,000 வினாடி, அதாவது அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். நேரம் பின்னால் தாவினால் டேட்டாபேஸில் 411-ஆம் பில்லுக்குப் பிறகு போட்ட 412-ஆம் பில் அதற்கு முந்தைய நேரத்தைக் காட்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்த நிதானம். வித்தியாசம் 1,000 வினாடியைத் தாண்டினால் அது தன் வேலையையே நிறுத்திக்கொள்ளும், அப்போது கையால்தான் வைக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். பத்துக் கருவியும் தனித்தனியே இணையத்தில் நேரம் கேட்பதைவிட, கடைக்குள் ஒரு கருவியைக் கடிகாரமாக வைத்து, மற்றவை அதைப் பின்பற்றுவதே நல்லது. இணையம் ஒரு நாள் முழுக்க இல்லாமல் போனாலும் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்தே ஓடும். சம்பவம் நடந்தால் ஒரே வித்தியாசத்தைச் சொன்னால் போதும்.

நாள் முழுக்க ஓடும் ஒரு லினக்ஸ் கணினியில் குரோனி என்ற நேர மென்பொருள் போதும். அதன் அமைப்புக் கோப்பில் மேலே சொன்ன சர்வர்களை ஒவ்வொன்றும் ஒரு வரியாக, ‘சர்வர்’ என்ற சொல்லில் தொடங்கி ‘ஐபர்ஸ்ட்’ என்று முடித்து எழுதுங்கள். ‘மேக்ஸ்டெப் 1.0 3’ என்ற வரி, தொடங்கியதும் முதல் மூன்று அளவீட்டுக்குள் ஒரு வினாடிக்கு மேல் பிசகு இருந்தால் ஒரே தாவலில் சரிசெய்யச் சொல்கிறது. ‘அலவ் 192.168.1.0/24’ என்பது கடையில் உள்ள மற்றவை கேட்க அனுமதி. ‘லோக்கல் ஸ்ட்ராட்டம் 10’ என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், ஒருமுறைகூட வெளியே ஒத்திசையாத நிலையில், உதாரணமாக இணையம் இல்லாத காலையில் கணினியைப் போட்டால், அது மற்ற கருவிகளுக்கு நேரம் சொல்ல மறுத்துவிடும். ‘குரோனிசி சோர்சஸ்’ என்று அடித்தால் வரும் பட்டியலில், நட்சத்திரக் குறி உள்ள சர்வர்தான் இப்போது பின்பற்றப்படுவது. ‘ரீச்’ என்ற நிரலில் 377 என்று இருந்தால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. அது 0 முதல் 7 வரையான இலக்கங்களால் மட்டும் எழுதும் எட்டடிமான எண் என்பதால் எண்ணிக்கை 377 இல்லை. பூஜ்யமும் கேள்விக்குறியும் சேர்ந்திருந்தால் பாதை அடைபட்டிருக்கிறது.

ராஸ்பெர்ரி பையை இதற்கு வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நான்காம் மாடல் வரை அதில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது, ஐந்தில் சில்லு உண்டு, ஆனால் பேட்டரியை நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு இணையம் வரும்வரை அது பழைய நேரத்தைச் சொல்லும். கடிகாரமாக வைக்கும் கருவிக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் தருவது இந்த ஊர் மின்வெட்டுக்குக் கட்டாயம்.

லினக்ஸ் இல்லாத இடத்தில் ஒரு விண்டோஸ் கணினியையும் சர்வராக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் டபிள்யூ32டைம் கீழ் ‘டைம் புரொவைடர்ஸ்’ என்பதில் உள்ள ‘என்டிபி சர்வர்’ பகுதியில் ‘எனேபிள்ட்’ மதிப்பு 1 ஆக வேண்டும், ‘அனவுன்ஸ் ஃப்ளாக்ஸ்’ 5 ஆக வேண்டும், ஃபயர்வாலில் உள்வரும் யுடிபி 123 திறக்க வேண்டும், சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஸ்லீப்பில் போகாமல் வைக்க வேண்டும். அந்தக் கணினிக்கு 192.168.1.10 போல ஒரு நிலையான முகவரி கொடுங்கள். ரவுட்டர் நாளைக்கு வேறு முகவரி கொடுத்தால் எல்லாக் கருவியும் ஒரே நாளில் அனாதையாகிவிடும். கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் 42-ஆம் விருப்பமாக நேர சர்வரை அறிவித்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். சில கேமராக்களும் ஐபி போன்களும் அதை மதிக்கும், விண்டோஸ் அதைக் கண்டுகொள்வதில்லை.

கேமராப் பக்கம் வந்தால், ஒரே பதிவுக்கு இரண்டு நேரம் இருக்கிறது என்பதை நிறுவிக் கொடுப்பவர்களே கவனிப்பதில்லை. ஐபி கேமராவில் படத்தின் மேல் எழுதப்படும் நேரம் கேமராவுடையது. எந்த மணிக்குப் பதிவானது என்று தேடும் பட்டியலில் வருவது, ஐபி கேமராக்களின் பதிவுப் பெட்டியான என்விஆருடையது. பட்டியலில் 9:12-ஐத் திறந்தால் படத்தில் 9:05 ஓடுவது இதனால்தான். என்விஆரின் பின்னால் உள்ள, வலைக் கம்பியிலேயே மின்சாரமும் தரும் பிஓஇ போர்ட்டுகளில் நேராகச் செருகிய கேமராக்கள் தனி வலையில் இருக்கும். அவற்றால் இணையத்தை எட்ட முடியாது. அங்கே என்விஆரை மட்டும் திருத்தினால் பொதுவாகக் கேமராக்கள் அதிலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கேமராவிலும் போய்க் கையால் மாற்றினால் சற்று நேரத்தில் என்விஆர் அதை அழித்து எழுதிவிடும். தனி ஸ்விட்சில் செருகிய கேமராக்களில் ஒவ்வொன்றிலும் 192.168.1.10 என்று கொடுத்து, மண்டலம் பிளஸ் 5:30, போர்ட் 123, இடைவெளி 60 நிமிடம் என்று வைக்க வேண்டும். இரண்டு இடத்திலிருந்தும் நேரம் வாங்க விட்டால் கடிகாரம் முன்னும் பின்னும் தாவும். என்விஆர் ஒன்று சொல்ல, நேர சர்வர் ஒன்று சொல்ல, கேமரா இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். ஏதாவது ஒன்றை அணைத்தாக வேண்டும். கேட்வே, டிஎன்எஸ் இரண்டும் காலியாக விட்ட கேமராவில் சர்வர் பெயர் போட்டால் வேலை செய்யாது. பெயரை முகவரியாக மாற்ற அதற்கு வழியில்லை. உள்ளூர்க் கடிகாரத்தை எண் முகவரியாகக் கொடுப்பதற்கு இது இன்னொரு காரணம்.

வருகைப் பதிவுக் கருவிகளில் பல, நேரத்தைத் தன் மென்பொருள் ஓடும் கணினியிலிருந்து வாங்கிக்கொள்ளும். அந்தக் கணினி தப்பென்றால் கூலிக் கணக்கே தப்பு. பீன்யாவின் பட்டறைகளில் ஷிப்ட் தொடக்கத்தில் ஏழு நிமிடம் பிசகினால் தொழிலாளியின் அரை நாள் கூலி பறிபோகலாம். அதனால் இதை அலட்சியமாக விட முதலாளிக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறோம்.

டொமைன் வைத்திருக்கும் அலுவலகங்களில், பிடிசி எமுலேட்டர் என்ற ஒரு சர்வர் மட்டும் வெளியே கேட்க வேண்டும், மற்றவை அதைக் கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை லாகினை மறுக்கும், ஊழியர் பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார். அந்த சர்வர் மெய்நிகர் கணினியாக ஓடினால், அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியிலிருந்து நேரம் திணிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

நுகர்வோர் விவகாரத் துறை 2025 ஜனவரியில், சட்டம், வணிகம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் இந்திய நேரத்தையே கட்டாயமாக்கும் வரைவு விதிகளை வெளியிட்டது. தேசிய இயற்பியல் ஆய்வகமும் இஸ்ரோவும் சேர்ந்து நேரத்தைப் பரப்பத் தேர்ந்த ஐந்து ஆய்வுக்கூடங்களில் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. மற்றவை அகமதாபாத், புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவாஹாட்டி. அணுக் கடிகாரம் நகரத்துக்குள்ளேயே வரும்போது, அதைக் கடைக்காரர் எப்படிப் பயன்படுத்துவது என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பக்கக் குறிப்பாக எடையளவைத் துறை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தராசில் ஆண்டுதோறும் முத்திரை பார்க்கும் துறைதானே அது.

கேமரா நிறுவிக் கொடுப்பவர்களிடம் வாசகர்கள் இனி ஒன்று கேட்க வேண்டும். ஒப்படைக்கும் காகிதத்தில் நேர மண்டலம், நேர சர்வரின் முகவரி, கோடைக்கால நேரம் அணைத்திருப்பது, ஒப்படைத்த அன்று என்விஆரிலும் ஒவ்வொரு கேமராவிலும் இருந்த வித்தியாசம் வினாடியில், இந்த நான்கும் எழுதியிருக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வித்தியாசத்தை அளந்து அதே காகிதத்தில் குறிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைச் செய்து காட்டச் சொல்லலாம்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
அல்சூர், பெங்களூரு